டீக்கடை பெஞ்சோடு முடிந்துவிடலாமா நம் கருத்து?

(ஊர்ப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவிற்கு வரும் வழியில், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைக்கு வந்திருந்தது ஒரே ஒரு பத்திரிகை. அதை ஐந்து பேர் ஐந்து தாளாகப் பிரித்து வைத்துக் கொண்டிருந்தார்கள். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒரு பெரியவர், "தம்பி, அந்தச் செய்தியைக் கொஞ்சம் சத்தமாகப் படியேன்" என்றார். தம்பி படித்தார். அவ்வளவுதான், விவாதம் தொடங்கிவிட்டது. விலைவாசி, தேர்தல், மின் கட்டணம், ஊர்ச் சாக்கடை என்று ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. ஒருவர் அரசைத் திட்டினார். இன்னொருவர் அதற்குப் பதில் சொன்னார். மூன்றாமவர் இருவரையும் சமாதானப்படுத்தினார். பிறகு பஸ் வந்தது. டம்ளரை வைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

இதை வெட்டிப் பேச்சு என்று கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். "இவனுக்கு என்ன தெரியும்? நாட்டு நடப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டான்" என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மின் கட்டணத்தைக் கட்டுகிறவனுக்கு அதைப் பற்றிப் பேசத் தெரியாதா? சாக்கடை ஓரத்தில் குடியிருப்பவளை விட அதன் நாற்றத்தைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும்?

எனக்கு வருத்தம் வேறு. அவ்வளவு நல்ல கருத்துக்களும் அந்த பெஞ்சோடு முடிந்துவிடுகின்றனவே, அவை போய்ச் சேர வேண்டிய இடத்திற்குப் போவதில்லையே என்பதுதான் என் வருத்தம். இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

ஒன்றே முக்கால் ரூபாய்

1878ஆம் ஆண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக முத்துசாமி அய்யர் நியமிக்கப்பட்ட நேரம். வெள்ளையர்கள் நடத்திய ஆங்கிலப் பத்திரிகைகள் அந்த நியமனத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதின. இதைப் படித்து மனம் கொதித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஆனால் ஆறு இளைஞர்கள் கொதித்ததோடு நிற்கவில்லை. அவர்களில் இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20ஆம் தேதி அந்த வாரப் பத்திரிகை வெளிவந்தது. அதுதான் 'தி இந்து'.

அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய அய்யர், ஆங்கிலம் தெரிந்தவர்களோடு மட்டும் பேசினால் போதாது என்று உணர்ந்து, 1882இல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார்.

அதே 1878ஆம் ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு, இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போடும் சட்டத்தைக் கொண்டு வந்தார். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது! ஏன் இந்த வேறுபாடு? ஆங்கிலத்தில் எழுதினால் சிலர் படிப்பார்கள். தாய்மொழியில் எழுதினால் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். வண்டிக்காரரும் நெசவாளியும் கேட்பார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். சாமானியனின் கருத்து சக்தியற்றது என்றால், அதை அடக்க ஒரு சட்டம் எதற்கு?

1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும் தமிழில் செய்திகளைத் தந்தார். ஊருக்கு ஊர் படிப்பகங்கள் பெருகின. டீக்கடை பெஞ்சுகள் அரசியல் பள்ளிக்கூடங்களாயின. நீங்கள் இன்று கொண்டாடும் இந்தப் படிப்பகமும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

யாரும் போட்ட பிச்சையல்ல

சகோதரர்களே! பேசும் உரிமை ஆட்சியாளர்கள் நமக்குப் போட்ட பிச்சையல்ல. அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு அதை நமக்கு உறுதி செய்திருக்கிறது. ஆனால் ஏட்டில் இருக்கும் உரிமை தானாக நடந்து வீட்டுக்கு வருவதில்லை.

குடியரசு மலர்ந்த சில மாதங்களிலேயே ஒரு வழக்கு வந்தது. ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஏடு சென்னை மாநிலத்திற்குள் நுழையக் கூடாது என்று அன்றைய மாநில அரசு தடை விதித்திருந்தது. அவர் உச்ச நீதிமன்றத்திற்குப் போனார். 1950 மே மாதம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கின் பெயரால் பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்க வழி செய்தது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அதே திருத்தத்தில்தான் சேர்ந்தது.

2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பை நகரமே கதவடைத்தது. இப்படி நகரத்தை முடக்க வேண்டுமா என்று மகாராஷ்டிராவின் பால்கரைச் சேர்ந்த ஓர் இளம் பெண் ஃபேஸ்புக்கில் நாலு வரி எழுதினார். அவருடைய தோழி அதற்கு விருப்பம் தெரிவித்தார். இருவரும் கைது செய்யப்பட்டார்கள்! அவர்கள் சொன்னது என்ன? நம் ஊர் டீக்கடையில் தினமும் சொல்லப்படுவதைப் போன்ற ஒரு கருத்து. அவ்வளவுதான்.

இதைக் கண்டு ஷ்ரேயா சிங்கால் என்ற இளம் பெண் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2015 மார்ச் 24ஆம் தேதி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு முழுவதையும் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அதற்குப் பிறகும் பல இடங்களில் அதே பிரிவின் கீழ் வழக்குப் போட்டுக் கொண்டிருந்தார்கள். 2021இல் உச்ச நீதிமன்றமே இதைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தது. செத்துப் போன சட்டத்தை வைத்து உயிரோடு இருப்பவர்களை மிரட்டினார்கள் என்றால் என்ன பொருள்? சட்டம் நமக்கு என்ன தந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாத வரை, தெரிந்தவன் நம்மை மிரட்டிக் கொண்டுதான் இருப்பான்.

நான் செய்த தவறு

உரிமையைப் பற்றி இவ்வளவு பேசிய நான், என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தெரு ரேஷன் கடையில் இரண்டு வாரமாக மண்ணெண்ணெய் போடவில்லை. "ராத்திரியில் வண்டி வைத்து வெளியே விற்றுவிட்டார்" என்று யாரோ சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, விசாரிக்கவும் இல்லை. டீக்கடையில் பத்துப் பேர் நடுவே அதை அப்படியே சொன்னேன், நேரில் பார்த்தவனைப் போலச் சொன்னேன். என் பேச்சுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வாரம்தான் தெரிந்தது, அந்த மாத ஒதுக்கீடே கடைக்கு வந்து சேரவில்லை என்று. அதற்குள் அந்த விற்பனையாளரின் மகனைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'திருடன் மகன்' என்று கூப்பிட்டுவிட்டார்கள். நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ கொடுத்தார். "பரவாயில்லை பாய், தெரியாமல்தானே சொன்னீர்கள்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த டீக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மன்னிப்பை நான் அவர் வீட்டுக்குள் கேட்டேன். பழியைச் சொன்னது பத்துப் பேர் நடுவே அல்லவா? அந்தப் பத்துப் பேரிடமும் தனித்தனியாகப் போய், "நான் சொன்னது தவறு" என்று சொல்லி முடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அன்று என் கையில் இருந்தது வாய் மட்டும்தான். இன்று ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. கோயிலுக்குச் செல்வதற்காகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் வந்த ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறது. அதற்காக ஊரே கூடி அடித்ததில் 65 வயதுத் தாய் ஒருவர் இறந்து போனார். அடித்தவர்கள் ரவுடிகள் அல்ல. உங்களையும் என்னையும் போன்றவர்கள். தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கொண்டு ஒரு பாட்டியைக் கொன்றார்கள்.

அந்த ஆண்டு நாட்டின் பல பகுதிகளில் இதே கொடுமை நடந்தது. ஜூலை மாதத்தில், இந்தியாவில் வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. ஐந்துக்கு மேல் அனுப்ப முடியாமல் அவர்கள் தடுக்கலாம். ஒருவருக்கும் அனுப்பாமல் தடுக்க வேண்டியது யார்? நீங்கள்தான்.

வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் நம்பக் கூடாது என்ற போதனையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதைக் கடைப்பிடிப்பது கடினமல்ல. இதை நான் பார்த்தேனா, கேட்டேனா? சொன்னவர் பார்த்தாரா? சம்பந்தப்பட்டவர் என்ன சொல்கிறார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைக்கும் வரை, "எனக்கு இன்னும் தெரியவில்லை" என்று சொல்லுங்கள். அதில் எந்த அவமானமும் இல்லை.

மௌனமாகிவிடும் ஒருவர்

டீக்கடை பெஞ்சில் எல்லோரும் பேசுகிறார்கள் என்று சொல்கிறோம். எல்லோருமா பேசுகிறார்கள்? கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

எங்கோ ஒரு குண்டு வெடித்தது என்று செய்தி வருகிறது. குற்றவாளி யார் என்று போலீசுக்கே தெரியாது. ஆனால் பெஞ்சில் இருக்கும் சில கண்கள் தொப்பி அணிந்த பெரியவர் பக்கம் திரும்புகின்றன. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறார். நேற்று வரை மின் கட்டணத்தைப் பற்றி எல்லோரோடும் சேர்ந்து வாதாடியவர் அவர். இன்று ஏன் மௌனமானார்? அவர் கருத்தைக் கேட்கவில்லை, அவரிடம் விளக்கம் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல!

இந்த வலி நமக்குத் தெரியும். தெரிந்த நாம் மற்றவர்களுக்கு என்ன செய்கிறோம்? இரட்டைக் குவளை முறை இந்தத் தமிழ்நாட்டு டீக்கடைகளில்தான் இருந்தது. தலித் சகோதரருக்குத் தனிக் குவளை, அதுவும் வெளியே நின்று குடிக்க வேண்டும். பெஞ்சிலேயே உட்கார விடாதபோது அவர் எங்கே கருத்துச் சொல்வார்? நம் தெருக் கடையில் அவர் நம்மோடு சமமாக உட்கார்ந்து, நாம் தவறாகப் பேசினால் "நீங்கள் சொல்வது தவறு" என்று சொல்ல முடிகிறதா? முடிகிறது என்றால்தான் அது பொது பெஞ்சு.

அடுத்து நம் தாய்மார்கள். டீக்கடை பெஞ்சில் அவர்களுக்கு இடமே இல்லை. ஆனால் குடிநீர்க் குழாயடியிலும் ரேஷன் வரிசையிலும் அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தெருவில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை, எந்த ஆசிரியர் ஒழுங்காகப் பாடம் நடத்துகிறார் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். 2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு சட்டமானது. பதவி அவர்கள் பெயரில், பேச்சு கணவர் வாயில் என்ற நிலை பல இடங்களில் இருக்கிறது. வீட்டில் பத்திரிகையை முதலில் யார் பிரிக்கிறார்கள்? படித்த செய்தியைப் பற்றி மனைவியிடமும் மகளிடமும் நீங்கள் கருத்துக் கேட்டது எப்போது? யோசித்துப் பாருங்கள்.

பெஞ்சிலிருந்து சபைக்கு

இனி முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். கருத்துக்கு முகவரி வேண்டும். முகவரி இல்லாத கடிதம் எங்கும் போய்ச் சேராது.

ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலை செய்த ஏழைக் கூலிகளின் கதையைக் கேளுங்கள். செய்த வேலைக்கு முழுக் கூலி வரவில்லை. கேட்டால், "நீ வேலை செய்ததாகக் கணக்கில் இல்லை" என்றார்கள். "அந்தக் கணக்கைக் காட்டுங்கள்" என்று இவர்கள் கேட்டார்கள். "அது ரகசியம்" என்று பதில் வந்தது. அருணா ராயும் தோழர்களும் நடத்திய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பர் முதல் ஊர் ஊராகப் பொது விசாரணை நடத்தியது. கைக்குக் கிடைத்த கணக்குகளை ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். இறந்து போனவர்கள் பெயரிலும் கூலி வழங்கப்பட்டிருந்தது! கட்டாத கட்டடங்கள் கணக்கில் நின்று கொண்டிருந்தன! 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தொடங்கிய அந்தக் குரல் பல கைகள் சேர்ந்து வளர்ந்து, 2005 அக்டோபர் 12 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது.

இன்று நீங்கள் ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால், 30 நாளுக்குள் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அவர் உங்களைக் கேட்க முடியாது. "சாக்கடைப் பணத்தைத் தின்றுவிட்டான்" என்று பத்து வருடம் பெஞ்சில் பேசலாம். "இந்தச் சாக்கடைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவு செய்தீர்கள்?" என்று ஒரு தாளில் கேட்கலாம். எது பலன் தரும்?

நம் மாநிலத்துக்கே வாருங்கள். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர். 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் உரிமை ஒரு நிறுவனத்திற்கு ஏலத்தில் போனதாக மத்திய அரசு அறிவித்தது. மக்கள் டீக்கடையில் பேசியிருப்பார்கள். அதோடு நிற்கவில்லை. அதே மாதம் கிராம சபைகளில் கூடித் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி அந்த ஏலம் ரத்து செய்யப்பட்டது!

ஆண்டுக்கு ஆறு நாட்கள் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் இருக்கின்றன. திங்கள்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. பத்திரிகைகளில் வாசகர் கடிதப் பகுதி இருக்கிறது. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இந்த ஆறு நாட்களில் எத்தனை நாள் நீங்கள் சபைக்குப் போனீர்கள்?

போனால் சும்மா உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். சொல்ல வேண்டியதை முன்பே எழுதிக் கொண்டு போங்கள். ஒருவர் பேச்சில் ஒரு கோரிக்கை போதும். அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவேட்டில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடும் கையெழுத்து உங்கள் கருத்தல்ல, யாரோ எழுதப் போகும் கருத்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

இந்தப் படிப்பகத்தில் பத்திரிகை வருகிறது, பெஞ்சு இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு பொருளை இங்கே வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம். நூலில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்க விடுங்கள். இங்கே பேசப்படும் ஊர்ப் பிரச்சினைகளில் விசாரித்து உறுதி செய்யப்பட்டதை மட்டும் அதில் எழுதுங்கள். எழுதியவர் தன் பெயரையும் எழுத வேண்டும். பெயர் போடத் தயங்குகிற கருத்தை இன்னொரு முறை விசாரியுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்த பிள்ளைகள் எழுதட்டும். தாய்மார்கள் வர முடியாத நேரத்தில் அந்த நோட்டு அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். மாதம் ஒரு முறை உட்கார்ந்து படியுங்கள். இது கிராம சபைக்கு, இது ஆட்சியருக்கு, இது பத்திரிகைக்கு என்று பிரித்து அனுப்புங்கள். பதில் வந்ததா என்று எதிர்ப் பக்கத்தில் குறியுங்கள்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு நீங்கள் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் நான் வருவேன். எனக்கு மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். அந்த நோட்டை மட்டும் என் கையில் கொடுங்கள். எத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள், எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், எதிர்ப் பக்கத்தில் என்ன பதில் வந்திருக்கிறது என்று படித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

படிப்பீர்கள், பேசுவீர்கள், அது எனக்குத் தெரியும். எழுதுவீர்களா?